ஏரிக்குள் வெயில் எங்கே போகிறது, உரம் எங்கிருந்து வருகிறது: ஒரே நாளில் பார்த்துவிடுவது எப்படி

போன மார்கழியில் அக்கா மகளுக்கு ஒரு ப்ராஜெக்ட். பன்னிரண்டாம் வகுப்பு, தலைப்பு சூழல்மண்டலத்தில் ஆற்றல் ஓட்டம். சார்ட் பேப்பரில் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று வரிசையாக வரைந்து, மூலையில் ஒரு சூரியனையும் போட்டு, "நல்லா இருக்கா மாமா?" என்று கொண்டு வந்து நீட்டினாள். படம் நல்லாத்தான் இருந்தது. ஆனால் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டரில் ஏரி இருக்கிறது, தினமும் அதன் கரை வழியாகத்தான் பஸ் பிடிக்கப் போகிறாள், அந்த ஏரியில் இருக்கும் ஒரு உயிர்கூட அந்தப் படத்தில் இல்லை. போதாக்குறைக்கு அம்புக்குறி எல்லாம் தலைகீழ். பாம்பிலிருந்து தவளைக்கு அம்பு போனால் பாம்பைத் தவளை தின்றதாக அர்த்தம். சாப்பாடு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் அம்பு.

சரி, வா என்று அவளை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குச் செய்ததையும், அதற்கு அப்புறம் இரண்டு மூன்று தடவை போய்ச் சரிசெய்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில் ஏரி, கண்மாய், குளம் எது இருந்தாலும் செய்யலாம்.

கிளம்பும் முன்னால் ஒன்று. நோட்டில் இரண்டு பக்கத்தைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று வெயில் கணக்கு, இன்னொன்று உரக் கணக்கு. பாடப்புத்தகம் இரண்டையும் அடுத்தடுத்த பாடத்தில் சொல்லிவிடுவதால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். வெயில் கணக்கில் செலவு மட்டும்தான். தின்னத் தின்ன சூடாகிக் காற்றோடு போய்விடும், மறுநாள் காலையில் புதிதாக வந்தால்தான் உண்டு. உரக் கணக்கில் எதுவும் தொலைவதில்லை. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) ஒருத்தர் உடம்பிலிருந்து இன்னொருத்தர் உடம்புக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். ஏரியில் எதைப் பார்த்தாலும் இந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள்: இதற்குள் இருக்கும் வெயில் எந்த வழியாக வந்தது? இதற்குள் இருக்கும் உரம் அடுத்து யாரிடம் போகப்போகிறது?

எடுத்துப்போக வேண்டியவை

ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டு, ஒரு சாண் அகலம் இருந்தால் போதும். அதை நான்கு காலாகப் பிரித்து வெள்ளையும் கறுப்பும் மாற்றி மாற்றிப் பெயிண்ட் அடித்து, நடுவில் ஓட்டை போட்டு, அடியில் ஒரு கல்லைக் கட்டி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் தொங்கவிடுங்கள். இதற்கு செக்கி தட்டு என்று பெயர். 1865இல் இத்தாலியில் ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார், வானியல் ஆராய்ச்சியாளர், கடல் நீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க வெள்ளைத் தட்டைக் கப்பலிலிருந்து இறக்கிப் பார்த்ததிலிருந்து இன்றுவரை கிட்டத்தட்ட அதே கருவிதான். அதைவிட மலிவானது இன்னும் வரவில்லை.

கொசுவலைத் துணி கொஞ்சம், வெள்ளை நிற டப் ஒன்று, ஒரே அளவில் மூன்று கண்ணாடி பாட்டில், கறுப்புத் துணி, ஒரு லென்ஸ். மீன் பண்ணை, இறால் பண்ணைக்காரர்கள் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைப் பார்க்க ஒரு கிட் வாங்குவார்கள். சொட்டு சொட்டாக மருந்தை விட்டு நிறம் மாறுவதை எண்ணுகிற கிட். அது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் பாதி வேலை நடக்கும்.

தனியாகப் போகாதீர்கள். மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீர் நிறைந்த பிறகு வெளியே தெரியாது; முழங்கால் ஆழம் என்று கால் வைத்த அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம் இருக்கும். கரையிலும் மதகுப் படியிலும் நின்றே எல்லாவற்றையும் செய்துவிடலாம்.

விடியற்காலையில் போக வேண்டும்

சூரியன் வருவதற்கு முன்னால் போனால்தான் ஒரு விஷயம் கண்ணில் படும். மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள் மீன் விளையாடுகிறது என்பார்கள். மீன் வளர்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அது மூச்சுத்திணறல். பகலெல்லாம் பாசி வெயிலைப் பிடித்து ஆக்சிஜனை வெளிவிட்டது. ராத்திரி வெயில் இல்லை, ஆனால் பாசி, மீன், புழு, அடிச்சேற்றில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியா எல்லாமே மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால் விடிகிற நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும், பிற்பகலில் ஆக அதிகமாக இருக்கும். கிட் இருந்தால் காலை ஆறு மணிக்கு ஒன்று, மாலை மூன்று மணிக்கு ஒன்று எடுத்துப் பாருங்கள். இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாசி ஏரியில் இருக்கிறது. ஏரி மூச்சு விடுவதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் இதுதான் வழி.

இப்போது தட்டை இறக்குங்கள். எந்த முடிச்சில் தட்டு கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மீன் வளர்ப்பவர்கள் தட்டுகூட இல்லாமல் கையை நீட்டித் தண்ணீருக்குள் விட்டு, உள்ளங்கை எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்தே முடிவுசெய்வார்கள். முப்பது நாற்பது சென்டிமீட்டரில் மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது. பத்து பதினைந்திலேயே பச்சையாக மறைந்தால் ஏதோ அளவுக்கு மீறி உள்ளே வருகிறது. அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம். பச்சைக்குப் பதிலாகக் காவி நிறத்தில் மறைந்தால் அது மண் கலங்கல், பாசி இல்லை. மழை பெய்த மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். நாங்கள் முதல் தடவை ஏமாந்தோம்.

பாட்டில் வேலை

இதுதான் அன்றைய தினத்தின் முக்கிய வேலை. காலை பத்து மணிவாக்கில் மூன்று பாட்டிலையும் ஏரித் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி, குமிழி ஒன்றுகூட உள்ளே நிற்காமல் நிரப்பி மூடுங்கள். ஒன்றை உடனே கிட்டால் சோதித்து எழுதுங்கள். இரண்டாவதை அப்படியே விடுங்கள். மூன்றாவதைக் கறுப்புத் துணியில் வெளிச்சமே புகாமல் சுற்றுங்கள். இரண்டையும் ஒரே கயிற்றில் கால் மீட்டர் ஆழத்தில் தொங்கவிட்டு, மதியம் மூன்று மணிக்கு எடுத்துச் சோதியுங்கள்.

எங்களுக்குக் கிடைத்தது இது: ஆரம்பத்தில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் ஆக்சிஜன், வெளிச்ச பாட்டிலில் 9, இருட்டு பாட்டிலில் 5. இருட்டில் பாசி உற்பத்தி செய்ய முடியாது, மூச்சு மட்டும்தான் விடும். ஆக மூச்சுக்குச் செலவு 1. வெளிச்சத்தில் கூடியது 3, அது கையில் நின்ற மிச்சம். மொத்த உற்பத்தி 4. புத்தகத்தில் மொத்த முதல்நிலை உற்பத்தித் திறன், நிகர முதல்நிலை உற்பத்தித் திறன் என்று பக்கம் பக்கமாக வருவது இவ்வளவுதான். சம்பளம் 4, வீட்டுச் செலவு 1, மற்றவர்கள் வந்து தின்ன மிச்சம் 3.

இதை வெயிலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், அப்போதுதான் சுவாரசியம். பாசி ஒரு கிராம் ஆக்சிஜனை வெளிவிட்டால் ஏறக்குறைய 3.5 கிலோகலோரி ஆற்றலைச் சர்க்கரையாகக் கட்டிவைத்திருக்கிறது என்று அர்த்தம். லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்பது ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு 4 கிராம். மேலே அரை மீட்டர் ஆழத்துக்கு இதே வேகம் என்று வைத்தால் ஒரு சதுர மீட்டர் ஏரிக்கு 2 கிராம், அதாவது 7 கிலோகலோரி. அதே ஐந்து மணி நேரத்தில் அந்தச் சதுர மீட்டரில் விழுந்த வெயிலைக் கிலோகலோரியில் சொன்னால் 2,500ஐத் தாண்டும். நூற்றுக்கு 0.3 கூட இல்லை! அக்கா மகள் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று மறுபடியும் போட்டுப் பார்த்தாள். தப்பில்லை. பாட்டிலுக்குள் வந்தது மிதக்கும் பாசி மட்டும்தான், கோரையும் அல்லியும் கணக்கில் வரவில்லை. அவற்றைச் சேர்த்தாலும் பொதுவாக ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கும். மீதி வெயில் தண்ணீரைச் சூடாக்கும், ஆவியாக்கும், பளபளவென்று திரும்பிப் போகும்.

யார் யாரைத் தின்கிறார்கள்

கொசுவலையை ஒரு வளையத்தில் கட்டிக் கோரை ஓரமாக இரண்டு மூன்று தடவை இழுத்து, வெள்ளை டப்பில் கொட்டுங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், கலங்கல் அடங்கட்டும். அப்புறம் அசைவது எல்லாம் தெரியும். துள்ளித் துள்ளிப் போகும் புள்ளிகள் நீர்த்தெள்ளு. பாசியை வடிகட்டித் தின்பது அதுதான். சிவப்பாக நெளிவது ரத்தப்புழு, அடிச்சேற்றில் மட்கியதைத் தின்பது. முகத்தில் ஒரு மடக்குக் கரண்டி மாதிரி வைத்துக்கொண்டு மூலையில் பதுங்கியிருப்பது தட்டானின் இளம் பருவம். கொசுப்புழுவிலிருந்து மீன் குஞ்சு வரைக்கும் பிடிக்கும். நத்தை கல்லில் படிந்த பாசியைச் சுரண்டும்.

மீனுக்கு வலை போடத் தேவையில்லை. வீட்டில் மீன் கழுவும்போது குடலைப் பாருங்கள். இது நான் அம்மாவிடமிருந்து கற்றது, அம்மாவுக்கு உயிரியல் தெரியாது. ஜிலேபி கெண்டையின் குடல் நூல்கண்டு மாதிரி சுருள் சுருளாக வந்துகொண்டே இருக்கும், மீனின் நீளத்தைப் போலப் பல மடங்கு; பாசியும் மட்கலும் செரிக்க நேரமாகும், அதனால் நீளக் குடல். விரால் மீனின் குடல் குட்டை, நேராக இருக்கும். அது தின்பது மீனும் தவளையும், சீக்கிரம் செரித்துவிடும். குடல் நீளத்தைப் பார்த்தே உணவுச்சங்கிலியில் யார் எந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

படி ஏறுவது பெரிய செலவு. ஒரு படியில் இருக்கும் ஆற்றலில் அடுத்த படிக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மீதி, தின்றவர் நீந்தியதிலும் மூச்சு விட்டதிலும் சூடாகிப் போனது, செரிக்காமல் சாணமானது, தின்னப்படாமலே செத்தது. பத்து சதவீதம் என்பதைக் கல்லில் எழுதியது மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டாம், ஐந்தும் வரும் இருபதும் வரும். இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தவர் ரேமண்ட் லிண்டமேன் என்ற அமெரிக்க இளைஞர். மினசோட்டாவில் ஒரு சின்னச் சேற்றுக் குளத்தைப் பல வருடம் கிளறி எழுதிய கட்டுரையைப் படித்த பெரியவர்கள் முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 1942இல் அது அச்சானபோது அவர் உயிரோடு இல்லை. இறந்தபோது வயது 26.

இங்கே ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். டப்பில் பார்த்தால் பாசி கொஞ்சம்தான் இருக்கிறது, நீர்த்தெள்ளு மொய்க்கிறது. அப்படியென்றால் புத்தகத்தில் வரும் பிரமிடு (கீழ்ப்படி அகலம், மேலே போகப் போகக் குறுகும் படம்) தலைகீழா? எடையை வைத்துப் பார்த்தால் சில நாள் தலைகீழாகத்தான் இருக்கும். டீக்கடையில் எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் பாத்திரத்தில் பத்து டீக்குத்தான் பால் இருக்கும், ஆனால் ஒரு நாளில் ஐந்நூறு டீ விற்றிருப்பார்கள். பாசி அந்தப் பால் பாத்திரம். ஒரு நாளைக்கே ஒரு தடவை இரட்டிப்பாகும், உடனுக்குடன் தின்னப்பட்டுவிடும். எடையைப் பார்க்காமல் ஒரு நாளில் எவ்வளவு கைமாறியது என்று பார்த்தால் பிரமிடு ஒருநாளும் தலைகீழாகாது.

பறவைகளை எண்ணுங்கள், கணக்கு உதைக்கும்

இப்போது கரையில் உட்கார்ந்து மேலே பாருங்கள். எங்கள் ஏரியில் நாலு மரத்தில்தான் நாரை இருக்கும். எண்ணிக்கைக்கு நான் எடுத்துக்கொள்வது வேடந்தாங்கல்; செங்கல்பட்டு மாவட்டம், ஏரி ஏறக்குறைய 74 ஏக்கர்.

கணக்கைத் தாராளமாகவே போடுவோம். நம் ஊரில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாள் விழும் வெயில் சுமார் 4,300 கிலோகலோரி. பாசியும் செடியும் ஒரு சதவீதம் பிடித்தால் 43. அவற்றின் மூச்சுச் செலவு போக 20 மிச்சம். அதைத் தின்னும் நீர்த்தெள்ளிடம் 2. அதைத் தின்னும் மீனிடம் 0.2. ஒரு பெரிய கூழைக்கடா ஒரு நாளைக்கு ஒரு கிலோ மீன் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 1,000 கிலோகலோரி. 1,000ஐ 0.2ஆல் வகுத்தால் 5,000 சதுர மீட்டர். அதாவது ஒரே ஒரு பறவைக்குத் தினமும் சோறு போட ஒன்றேகால் ஏக்கர் ஏரி வேண்டும். 74 ஏக்கரில் அறுபது பறவை.

ஆனால் நல்ல மழை பெய்த வருடம் வேடந்தாங்கலுக்கு வருவது பல்லாயிரக்கணக்கில். பாசியை நேரடியாகத் தின்னும் மீன் மட்டுமே ஏரியில் இருப்பதாக வைத்தாலும், ஒரு படி மிச்சம் பிடித்து 600 பறவைக்குத்தான் காணும். (மீன் பண்ணையில் விராலைவிட கட்லா, ரோகு, மிர்கால் அதிகம் விடுவதற்கும் இதே காரணம்தான், கீழ்ப்படியில் இருக்கும் மீனுக்குத் தீனிச் செலவு குறைவு, விரால் விலை ஏன் அப்படி நிற்கிறது என்று மார்க்கெட்டில் கோபப்படுகிறவர்கள் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.) கணக்கில் எங்காவது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பிசகியிருந்தாலும் பல்லாயிரக்கணக்கு வராது. ஆக, அந்தப் பறவைகள் பெரும்பாலும் அந்த ஏரியில் சாப்பிடுவதில்லை. தூங்குவதும் முட்டையிடுவதும் இங்கே நீர்க்கடம்பு மரத்தில், சாப்பாடு சுற்றுவட்டாரத்தில் உள்ள மற்ற ஏரி, வாய்க்கால், நெல் வயலில். நத்தைக்குத்தி நாரை வயலில் இறங்கி நத்தையைப் பொறுக்கிக்கொண்டு வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

உரக் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது

சாப்பிடுவது வெளியே, எச்சம் போடுவது ஏரிக்குள். மீன் சதையில் ஏறக்குறைய 17 சதவீதம் புரதம், புரதத்தில் 16 சதவீதம் தழைச்சத்து. ஒரு கிலோ மீனில் 27 கிராம் தழைச்சத்து. வளர்ந்த பறவையின் உடம்பு அதைச் சேர்த்துவைக்காது, வந்தது கிட்டத்தட்ட அத்தனையும் வெளியே போகும். அதில் பாதி ஏரிக்குள் விழுகிறது என்று வைத்தால், கூழைக்கடா அளவுள்ள ஆயிரம் பறவை ஒரு நாளில் போடுவது 13 கிலோவுக்கு மேல். யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து, ஆக 29 கிலோ யூரியாவுக்குச் சமம். ஒரு நாளில் அரை மூட்டைக்கும் மேலே, சும்மா, மானியம் இல்லாமல், வரிசையில் நிற்காமல். சின்னப் பறவைகள் குறைவாகத்தான் தின்னும், எல்லாம் கூழைக்கடா இல்லை, அதனால் இதைக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சீசன் நவம்பரிலிருந்து மார்ச் வரை போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எச்சத்தில் இருக்கும் தழைச்சத்து யூரிக் அமிலமாக இருக்கும், அந்த வெள்ளை நிறம் அதனால்தான். தண்ணீரில் விழுந்ததும் பாக்டீரியா அதை அம்மோனியாவாக உடைக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக மாற்றும், பாசி எடுத்துக்கொள்ளும், மிச்சம் மதகு வழியாக நெல் வயலுக்குப் போகும். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு உரம் குறைவாகப் போட்டால் போதும் என்று வேடந்தாங்கல்காரர்களுக்கு எந்த ஆய்வகமும் சொல்வதற்கு முன்னாலேயே தெரியும். பறவையைச் சுடக் கூடாது என்று அவர்கள் கேட்டு, 1798இல் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸ் அதற்கு உத்தரவே போட்டுக் கொடுத்தார். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. இதையெல்லாம் வெறும் பாசம் என்று எழுதுவார்கள், பாசமும் இருக்கலாம், ஆனால் விவசாயி கணக்குத் தெரியாதவர் இல்லை.

உங்கள் ஏரியில் இதைப் பார்க்க எளிய வழி: பறவை உட்காரும் மரத்துக்கு அடியில் ஒரு தடவை, அங்கிருந்து தள்ளி மரமில்லாத இடத்தில் ஒரு தடவை செக்கி தட்டை இறக்குங்கள். இரண்டு பாட்டிலில் இரண்டு இடத்துத் தண்ணீரையும் எடுத்து ஜன்னலோரம் பத்து நாள் வையுங்கள். எது முதலில் பச்சையாகிறது? எங்களுக்கு மரத்தடித் தண்ணீர் நாலாம் நாளே பச்சை கட்டியது.

அளவுக்கு மீறினால்

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், தழைச்சத்து மாதிரி காற்றில் கிடையாது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். நீலப்பச்சைப் பாசி அதை நேராகப் பிடித்துக்கொள்ளும், அசோலா என்ற மிதக்கும் சின்னச் செடி தன் இலைக்குள்ளேயே அந்தப் பாசியைக் குடிவைத்திருக்கும். பாஸ்பரஸ் பாறையிலிருந்து, மண்ணிலிருந்து, எச்சத்திலிருந்து, சாக்கடையிலிருந்துதான் வர வேண்டும். அதனால் பெரும்பாலான நன்னீர் ஏரிகளில் பாசிக்குக் கடிவாளம் அதன் கையில் இருக்கிறது. கனடாவில் ஒன்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி 1973இல் ஒரு சின்ன ஏரியை நடுவில் பிளாஸ்டிக் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் மட்டும் பச்சைப் பெயிண்ட் ஊற்றியது மாதிரி ஆனது. மேலேயிருந்து எடுத்த அந்தப் புகைப்படம்தான் அதற்கு அப்புறம் சோப்புத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கச் சொல்லி நடந்த வாதத்தில் பெரிய சாட்சி.

ஆகவே தட்டு பத்து சென்டிமீட்டரில் பச்சையாக மறைந்தால், கரையைச் சுற்றி நடந்து எந்தக் குழாய், எந்த வாய்க்கால் உள்ளே விழுகிறது என்று பாருங்கள். ஆகாயத்தாமரை மூடியிருந்தாலும் அதே கதைதான். அந்தச் செடி வியாதி இல்லை, தண்ணீருக்குள் கரைந்திருந்த உரம்தான் செடியாக வெளியே வந்து நிற்கிறது. இதை அள்ளும்போது எல்லா ஊரிலும் ஒரே தப்பு நடக்கிறது: அள்ளிக் கரையில் போட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த மழையில் மட்கி அத்தனை உரமும் திரும்ப ஏரிக்கே வரும். அள்ளினால் கரைக்கு வெளியே, வயலுக்கோ மட்குக் குழிக்கோ கொண்டுபோக வேண்டும். பூ வருவதற்கு முன்னால் அள்ளுங்கள். விதை சேற்றில் பல வருடம் கிடக்கும்.

சேற்றையும் விடாதீர்கள்

ஒரு நீளக் குச்சியைக் கரையோரச் சேற்றில் குத்தி எடுங்கள். குமிழி வரும், அழுகின முட்டை வாசம் வரும். அங்கே ஆக்சிஜன் இல்லை. ஏரியில் உற்பத்தியானதில் ஒரு பெரிய பங்கு யாரும் உயிரோடு தின்னாமலே செத்து இங்கேதான் வந்து சேருகிறது. உணவுச்சங்கிலிப் படத்தில் சிதைப்போரைக் கடைசியில் காளான் படத்தோடு ஒட்டிவைப்பதால் இது தெரிவதில்லை. வாசம் அடிப்பது ஹைட்ரஜன் சல்பைடு, குமிழியில் அதிகம் இருப்பது மீத்தேன். சாண எரிவாயு அடுப்பில் எரிகிற அதே வாயு. அதற்குள் இருப்பது எப்போதோ விழுந்த வெயில்.

எவ்வளவு வேகத்தில் மட்குகிறது என்று பார்க்க ஒரு மாதம் வேண்டும், வேலை பத்து நிமிடம். காய்ந்த இலையைப் பத்துப் பத்து கிராமாக நிறுத்து, சிலதைக் கொசுவலைப் பையிலும் சிலதை வெங்காயம் வரும் வலைப் பையிலும் கட்டி, ஒரு முளையில் கட்டித் தண்ணீருக்குள் போட்டுவிடுங்கள். வேம்பு, பூவரசு, தைலமரம் என்று மூன்று வகை போட்டோம். முப்பது நாள் கழித்து எடுத்து, மெதுவாக அலசி, மூன்று நாள் வெயிலில் காயவைத்து மறுபடியும் நிறுங்கள். வெங்காயப் பையில் நத்தையும் புழுவும் உள்ளே போக முடியும், கொசுவலையில் முடியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவற்றின் பங்கு. (வெங்காயப் பையிலிருந்து துணுக்குகள் உதிரும், ஆகவே தூக்கும்போது அடியில் டப் வையுங்கள்.) எங்களுக்கு வேம்பு பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது, தைல இலை கிட்டத்தட்டப் போட்டபடியே இருந்தது. பையில் பெயர் எழுதிக் கட்ட மறக்காதீர்கள், பேனா மை கரைந்துவிடும், பென்சிலில் எழுதுங்கள்.

படம் வரைவது

கடைசியில் சார்ட். கோழிக்கிறுக்கல் மாதிரி வந்தாலும் பரவாயில்லை, நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் போடுங்கள். வெயிலுக்குச் சிவப்புப் பேனா, உரத்துக்குப் பச்சை. சிவப்பு அம்பு ஒவ்வொரு படியிலும் மெலிந்துகொண்டே போக வேண்டும், ஒவ்வொரு உயிரிலிருந்தும் வெளியே காற்றுக்கு ஒரு சிவப்பு வால் இருக்க வேண்டும், எந்தச் சிவப்பும் சூரியனுக்குத் திரும்பக் கூடாது. பச்சை அம்பு மெலியாது. சேற்றுக்குப் போனது பாசிக்குத் திரும்பி வரும்.

அப்புறம் ஏரிக்கு வெளியே போகும் பச்சையைத் தேடுங்கள், அதுதான் எல்லாரும் விடுவது. மதகு வழியாக வயலுக்கு ஒன்று. கலிங்கு வழிந்தால் அடுத்த ஊர் ஏரிக்கு ஒன்று. ஏரிகள் சங்கிலியாக இருக்கும் ஊரில் மேல் ஏரியின் உரம் கீழ் ஏரிக்குப் பாகம். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரத்தின் காயைத் தின்றுவிட்டு ராத்திரி யாரோ ஒருவர் வயலில் கிடை போடும் ஆடுகள் மூலமாக ஒன்று. சித்திரையில் தண்ணீர் வற்றியதும் அனுமதி வாங்கி வண்டல் அள்ளிக்கொண்டு போகும் டிராக்டர் ஒன்று. நாரையின் எச்சமும் மீனின் செதிலும் பல வருடத்து இலையும் அந்த டிப்பரில்தான் போகின்றன.

அக்கா மகள் டிராக்டர் வரைய இடம் இல்லாமல் திணறினாள். பக்கத்திலேயே இன்னொரு சார்ட் பேப்பர் வாங்கி ஒட்டி, அதில் வயலையும் நெல்லையும், நெல்லைத் தின்னும் எங்கள் வீட்டு ஆட்களையும் வரைந்தாள். என்னைக் கொஞ்சம் குண்டாகத்தான் போட்டிருந்தாள். என் தலையிலிருந்தும் ஒரு சிவப்பு வால் காற்றுக்குப் போகிறது.